குசினிதான் முதல் வீடு: டிக்கோயாவில் ஒரு துரை பங்களாவின் பழுதுபார்ப்பு

## எதைப் பற்றிய பதிவு

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பழைய துரை பங்களாவை, அதாவது தோட்ட நிர்வாகியின் வீட்டை, சுற்றுலா விடுதியாக மாற்றும் வேலை நடந்தது. கட்டடத்தை அளந்து, படம் வரைந்து, பதிவு செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. சுவரில் ஏறிய ஈரத்துக்குக் காரணம் தேடப் போய், கடைசியில் அந்த வீட்டின் வரலாற்றையே மாற்றி எழுத வேண்டி வந்தது. இடிப்பதற்காகச் சிவப்பு மையால் குறித்து வைத்திருந்த பின்பக்கக் குசினிதான், அதாவது சமையலறைதான், அந்த வளவிலேயே மிகப் பழைய கட்டடம் என்று தெரிந்தது.

எடுத்த முடிவுகளில் சில சரியாக அமைந்தன. இரண்டு தவறுகள் என்னுடையவை. அவற்றில் ஒன்றைத் திருத்திவிட்டோம், மற்றதைத் திருத்தவே முடியாது. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

## பின்புலம்

தோட்டம் ஹட்டனுக்கு அப்பால், டிக்கோயா பள்ளத்தாக்கில், சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. டிக்கோயா, மஸ்கெலியா பக்கத்துக் காடுகளைக் கோப்பி நடுவதற்காக வெட்டித் திறந்தது 1860களிலும் 70களிலும். அன்று இந்தப் பக்கம் ரயில் கிடையாது. கொழும்பில் இருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், நாவலப்பிட்டிக்கு 1874இல், ஹட்டனுக்கு 1884இல். இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். பின்னால் கூரை மரத்தைப் பார்க்கும்போது இவை தேவைப்படும்.

கோப்பி இலையில் துரு போலப் படியும் நோய் இலங்கையில் முதலில் காணப்பட்டது 1869இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1880களின் நடுப்பகுதிக்குள் கோப்பி கிட்டத்தட்ட முடிந்துபோனது. பல துரைமார் கடனாளியாகி ஊர் திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் கொஞ்சக் காலம் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனாவை நட்டுப் பார்த்தார்கள், அப்புறம் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலையில் காசு நிலைத்த பிறகுதான் மலையகத்தில் பெரிய பெரிய கல் பங்களாக்கள் எழுந்தன. அதனால் ஒரு தோட்டத்தின் வயதும் அதன் பங்களாவின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு இது முன்பே தெரியும். தெரிந்திருந்தும் இந்த வீட்டில் அதைக் கவனிக்கத் தாமதமானது.

அந்தத் தேயிலையை நட்டதும், அதற்குச் சாலை வெட்டியதும், பங்களாவுக்குக் கல் சுமந்ததும் திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து வந்த எங்கள் சனங்கள். அவர்களுக்குக் கிடைத்தது லயம் என்ற வரிசை வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. நான் அப்படி ஒரு காம்பராவில் பிறந்தவன். அதனால் பங்களாவை அளக்கத் தொடங்கியதும் கை தானாகவே முதலில் குளியலறைக்குப் போனது. பெரிய படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை 14 அடிக்கு 13 அடி. இந்த இரண்டு அளவுகளையும் என் குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அருகருகே எழுதிவைத்தேன்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருடைய காணிக்கு வரம்பு போட்டது. 1975இல் வந்த திருத்தத்தால் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளிடம் வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பங்களாவில் இருந்து ஏதோ ஒன்று வெளியே போயிருக்கிறது, ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது. தளபாடங்கள் போயின. சீமெந்து வந்தது.

## வீட்டின் அமைப்பு

மலைச் சரிவில் வெட்டிச் சமப்படுத்திய மேடையில் வீடு நிற்கிறது. முன்னால் பள்ளத்தாக்கு. ஸ்டோரும் (தேயிலைத் தொழிற்சாலை), லயங்களும், பெரட்டுக்களமும் (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம்) விறாந்தையில் இருந்து பார்த்தால் தெரியும்படி இடம் தேர்ந்திருக்கிறார்கள். பின்னால் வெட்டிய மண் சுவர் 12 அடிக்கு எழும்பி நிற்கிறது. முன்கட்டு கருங்கல்லும் சுண்ணாம்பும், சுவர்த் தடிப்பு 20 அங்குலம். மேலே தகரக் கூரை, அதன் அடியில் பலகை அடித்த உட்கூரை. வார்ப்பிரும்புச் சட்டம் போட்ட குளிர்காயும் அடுப்புகள் மூன்று.

முன்கட்டில் இருந்து பின்னே ஒரு மூடிய நடை போகிறது. அதன் முடிவில் குசினி, அதை ஒட்டிச் சாமான் அறை, அப்புவின் (பங்களா பணியாள்) அறை, ஆயாவின் அறை.

இப்படிப்பட்ட வீடுகளில் யார் எந்த வழியாக வரவேண்டும் என்பதைக் கதவுகளே சொல்லிவிடும். ஒவ்வொரு குளியலறைக்கும் வெளியே திறக்கும் ஒடுங்கிய இரண்டாவது கதவு உண்டு. வாளி எடுக்க வருகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்கு. ஆபீஸ் அறைக்குப் பக்கவாட்டில் தனிக் கதவு உண்டு. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அதற்கு வெளியேதான் நிற்பார்கள். இங்கே அந்தக் கதவின் கல் வாசற்படி நடுவில் தேயவில்லை. வெளிப்பக்க ஓரம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உள்ளே வராமல், படி ஓரத்தில் ஒரு காலை வைத்தபடி நின்று கதைத்தவர்களின் கால் அது.

## முதல் வருகையில் கண்டது

முதலில் போனது ஜனவரியில். கம்பனி அதிகாரி ஒருவர், கொழும்பில் இருந்து வந்த கட்டடக் கலைஞர், மேசன் பாஸ் எனும் கொத்தனார் ஒருவர், நான். எங்களுக்கு முன்பே ஓர் ஆய்வறிக்கை தயாராகி இருந்தது. சாப்பாட்டு அறையின் பின்சுவரில் உள்ள ஈரத்துக்குக் கூரை ஒழுக்கு காரணம் என்றும், தகரத்தை மாற்றிச் சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. பின்பக்கக் கட்டு பிற்காலத்து வேலைக்காரர் பகுதி, முக்கியமில்லாதது, இடித்தால் ஏழெட்டு வாகனம் நிறுத்தலாம் என்றும் இருந்தது.

சாப்பாட்டு அறைக்குள் போனதும் மண் வாசனை மூக்கில் ஏறியது. சுவரில் நிலத்தில் இருந்து 5 அடி உயரத்துக்கு நிறம் உப்பி உரிந்திருந்தது. அதன் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பலகைத் தளம் ஓரத்தில் மிதித்தால் அமுங்கியது.

எனக்கு இடித்தது இரண்டு விஷயங்கள். ஈரம் கீழே அகலமாக, மேலே போகப் போகக் குறைந்து இருந்தது. கூரை ஒழுக்கு என்றால் கறை மேலே இருந்து கீழே இறங்கும். அப்புறம், அது ஜனவரி. மழை விட்டு நாளாகி, கூரை காய்ந்து கிடந்தது. ஆனாலும் சுவரில் கை வைத்தால் உள்ளங்கை நனைந்தது.

இந்தச் சுவருக்கு 1990களில் சீமெந்துப் பூச்சு பூசியிருந்தார்கள். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம். இரண்டடிக்கு இரண்டடி வெட்டி எடுத்தோம். உள்ளே கல்லுக்கு இடையில் இருந்த சுண்ணாம்புச் சாந்து நனைந்த சர்க்கரை மாதிரி விரலில் ஒட்டி வந்தது.

நடந்தது இதுதான். பழைய கல் சுவர் நிலத்தில் இருந்து கொஞ்சம் ஈரத்தை எப்போதும் இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் இருபக்கமும் ஆவியாகிப் போய்விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியே போக முடியாத தண்ணீர் இன்னும் மேலே ஏறுகிறது. சீமெந்து முடியும் இடத்தில் வெளியே வந்து உப்பைக் கக்குகிறது. அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சும் அடித்திருந்தால் ஈரம் ஏழடிக்குப் போயிருக்கும்.

சரி, சீமெந்து நிலைமையைக் கெடுத்தது. ஆனால் இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்து வருகிறது? சீமெந்து பூசினவர்களும் ஈரத்தைக் கண்டுதானே பூசியிருப்பார்கள்.

## "கான் எங்க தம்பி?"

மூன்றாம் நாள், கீழ் லயத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். வயது 74. நாற்பது வருடம் அந்தப் பங்களாவில் அப்புவாக இருந்தவர். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சுவரை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவராகவே வந்தார். முன்வாசலால் வரவில்லை. குசினிக்குப் பின்னால் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மண் சுவருக்கும் குசினிக்கும் இடையில் போட்டிருந்த கொங்கிரீட் பாதையைச் சற்று நேரம் பார்த்தார்.

"இங்க இருந்த கான் எங்க தம்பி?" என்றார்.

"என்ன கான் ஐயா?"

"பெரிய கான். மலைத் தண்ணி எல்லாம் அதுலதான் போகும். மழ பெஞ்சா அது போடுற சத்தத்துல பேச முடியாது. துரைசாணி ராவுல சன்னலச் சாத்தச் சொல்லுவாங்க."

லொறி பின்பக்கம் வருவதற்காகப் பாதை போட்டபோது கானில் கல்லையும் மண்ணையும் கொட்டி மூடிவிட்டார்கள் என்றார். அப்போதே ஆபீசில் சொன்னாராம். "நீங்க சொன்னா கேப்பாங்க தம்பி, நான் சொன்னா யாரு கேப்பா?" இதைக் கோபமாகச் சொல்லவில்லை, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்பது போன்ற குரலில் சொன்னார்.

அடுத்த நாள் இரண்டு பேரை வைத்து வெட்டத் தொடங்கினோம். கொங்கிரீட்டுக்குக் கீழே 14 அங்குலத்தில் கல் விளிம்பு தட்டியது. மூன்று நாளில் 40 அடி நீளம் வெளியே வந்தது: இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், அடியில் தட்டைக் கல் பதித்து, ஓடைப்பக்கமாக ஒரே சீரான சரிவு. கட்டினவர்களுக்கு மலையைத் தெரிந்திருந்தது. தேயிலை மலையில் கான் வெட்டுகிறவர்கள் கண்ணாலேயே பார்த்துப் போடும் அதே சரிவு. நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன், கை வைக்க ஒன்றுமில்லை.

கான் மூடியதால் மலைத் தண்ணீர் குசினியின் அடித்தளத்துக்குக் கீழே புகுந்து, சாப்பாட்டு அறைச் சுவரில் போய் முட்டி நின்றிருக்கிறது. அந்த அறிக்கைக்கும் எங்கள் முதல் இரண்டு நாள் வேலைக்கும் செலவான காசுக்குப் பதிலாக, ஒரு பெரியவரைத் தேடிப் போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

## குசினிக் கூரையில்

கான் கிடைத்ததும் வேறொரு கேள்வி எழுந்தது. தண்ணீர் முதலில் முட்டுவது குசினிச் சுவரில். ஆனால் அது முன்கட்டுச் சுவரைவிடக் காய்ந்து இருந்தது. ஏன்?

குசினிக்கு யாரும் சீமெந்து பூசவில்லை. வருடத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடித்ததோடு சரி. அதைப் பார்க்கும்போதுதான் சுவரின் கட்டே வேறாக இருப்பது கண்ணில் பட்டது. முன்கட்டில் உளியால் கொத்திச் சதுரமாக்கிய கல், சுண்ணாம்புச் சாந்து. குசினியில் காட்டில் கிடந்த கல்லை அப்படியே அடுக்கி, நடுவில் களிமண் சாந்து. ஒரே காலத்தில் ஒரே காசில் கட்டியவை இல்லை இவை.

ஏணி போட்டு மேலே ஏறினேன். நூறு வருடத்துப் புகை. தொட்டால் விரல் கறுப்பு. ஒரு கைமரத்தைத் துணியால் துடைத்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். மரத்தின் முகத்தில் வாள் தடங்கள் நேர்கோடாக, ஆனால் ஒன்றுக்கொன்று சீரில்லாமல், கொஞ்சம் சாய்ந்து ஓடின. குழி வெட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று இழுத்து அறுத்த மரம். கீழே நின்றவர் களைத்துப்போன இடத்தில் கோடு சாய்கிறது, பிறகு நிமிர்கிறது. அங்கேயே உட்கார்ந்து அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கட்டுக் கைமரங்களில் இருந்தவை வில் போல் வளைந்த தடங்கள். இயந்திரத்தில் சுழலும் வட்ட வாள் போட்டவை.

ஆணியும் வேறு. குசினியில் கொல்லன் பட்டறையில் அடித்த சதுர ஆணி, நுனிக்குப் போகப் போக ஒடுங்கி, ஒவ்வொன்றின் தலையும் ஒவ்வொரு மாதிரி. முன்கட்டில் ஒரே அச்சில் வந்த ஆணி. குசினிக் கூரையின் குறுக்குச் சட்டங்களில், தகர ஆணிகளுக்கு இடையே நெருக்கமாகச் சிறிய துளைகள் வரிசையாக இருந்தன. தகரம் வருவதற்கு முன் அந்தக் கூரைக்கு மரச் சில்லுகள் வேய்ந்திருந்தார்கள்.

கீழே இறங்கி, விறகடுப்புக்குப் பின்னால் சுவரைச் சுரண்டினோம். மேலே புகை படிந்த வெள்ளை, வெள்ளைக்கு அடியில் வெள்ளை, எல்லாவற்றுக்கும் அடியில் இளநீலம். குசினிக்கு யாரும் நீலம் அடிக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி, கல் வைத்து அடைத்த ஒரு சிறிய வளைவு. மூன்றடி அகலம், உள்ளே புகைக்கூண்டின் அடி. சமைப்பதற்குப் போதாது, குளிர்காய்வதற்குக் கட்டியது. பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கத்தில் அடைத்த கதவு ஒன்றும் இருந்தது. அதற்கு வெளியே நடையின் தளத்தைக் கிளப்பியபோது விறாந்தைத் தூண்களின் நான்கு கல் அடிகள் கிடைத்தன.

இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை, பள்ளத்தாக்கைப் பார்த்த வாசல், மரச் சில்லுக் கூரை. கோப்பிக் காலத்துத் துரையின் வீடு இது. நாவலப்பிட்டியில் இருந்து மாட்டு வண்டியில் வரவேண்டிய காலத்தில் சுண்ணாம்பு வாங்குவது பெரிய செலவு. களிமண் காலடியிலேயே கிடக்கிறது. ஹட்டனுக்கு ரயில் வந்த 1884க்குப் பிறகுதான் இயந்திரத்தில் அறுத்த மரமும், வார்ப்பிரும்பு அடுப்பும், எனாமல் குளியல் தொட்டியும் இந்த மலைக்கு லேசாக வந்து சேரும். அப்போது தேயிலைக் காசில் பெரிய வீட்டை முன்னால் கட்டி, பழைய வீட்டின் கண்ணை மறைத்து, அதைக் குசினியாக்கிவிட்டார்கள்.

சான்று இன்னொன்றும் கிடைத்தது. தோட்ட ஆபீசின் மேல்தட்டில் சுருட்டிக் கிடந்த ஒரு சர்வே படத்தில், கோப்பி இத்தனை ஏக்கர், காடு இத்தனை ஏக்கர் என்று எழுதி, வளவில் ஒரே ஒரு சிறிய செவ்வகம் போட்டு பங்களா என்று குறித்திருந்தது. அளவு வைத்துப் பார்த்தால் அந்தச் செவ்வகம் விழுவது குசினியின் மேல்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெப்ரவரியில் கூடிப் பேசினோம். கம்பனி அதிகாரியின் கவலை நியாயமானது: வாகனம் நிறுத்த இடம் வேண்டும், டிசம்பர் பருவத்துக்குத் திறக்க வேண்டும், குசினிக்கு விருந்தாளி யாரும் காசு தரமாட்டார். கட்டடக் கலைஞரை நான் வாதாடி மாற்றவில்லை. ஏணியில் ஏற்றி, டோர்ச்சைக் கையில் கொடுத்தேன். இறங்கி வந்து தன் வரைபடத்தில் இருந்த சிவப்பு மையை அவரே அடித்துவிட்டார்.

முதல் முடிவு, வேறு எதைத் தொடும் முன்பும் கானை முழுதாகத் திறப்பது. தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது சுவரில் செய்யும் எந்த வேலையும் வீண். லொறிப் பாதையைச் சமையல் தோட்டத்துப் பக்கமாக மாற்றினோம். அந்தப் பழைய மரக்கறித் தோட்டத்தின் ஒரு மூலையில் வாகனம் நிறுத்தவும் இடம் கிடைத்தது.

இரண்டாவது, சாப்பாட்டு அறைச் சுவரின் சீமெந்தை இரு பக்கமும் 6 அடி உயரத்துக்கு உரித்து, கல்லைத் திறந்தபடி காயவிடுவது. உரித்த நாளில் அறை மிகவும் கோரமாக இருந்தது. படம் எடுக்க வந்த விளம்பரக்காரர்கள் திரும்பிப் போனார்கள்.

மூன்றாவது, குசினியின் இரண்டு பழைய அறைகளையும் காப்பது. அதை ஒட்டிப் பிற்காலத்தில் சேர்த்த சாமான் அறை, அப்புவின் அறை, ஆயாவின் அறை மூன்றையும் இடிக்க ஒப்புக்கொள்வது. பழையதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் புதியதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். வயதை மட்டும் வைத்து மதிப்பிட்டேன். இது என் முடிவு.

## ஆயாவின் அறை

அந்தப் பங்களாவில் கடைசியாக வேலை செய்த ஆயா பக்கத்து டிவிசனில் இருந்தார். வயது 80க்கு மேல். அவரை அழைத்து வந்து அறையைக் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும் என்று முதல் கிழமையே எழுதி வைத்தேன். மூன்று தடவை தள்ளிப் போட்டேன். கூரை மரம், ஆணி, சர்வே படம் என்று அந்த உற்சாகத்தில் நாள் போனது.

ஏப்ரலில் அந்த அறைகளை இடித்தார்கள். மே மாதம் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆயா வந்தார். வெறும் சரளைத் தரை. அதில் மெதுவாக நடந்து, ஓர் இடத்தில் நின்று, காலால் காட்டினார். "இங்கதான் என் பெட்டி இருந்துச்சு. இந்தப் பக்கம் பாய். அங்க சுவத்துல ஒரு ஓட்ட இருக்கும்."

அந்த ஓட்டையை நான் பார்த்திருந்தேன். 6 அங்குலச் சதுரம், நடையைப் பார்த்த சுவரில், நிலத்தில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில். என் வரைபடத்தில் காற்றோட்டத் துளை என்று எழுதியிருக்கிறேன்.

"ராவுல புள்ள அழுதா கேக்கணும்னு துரைசாணி வெட்டச் சொன்னாங்க. நான் அதுக்கு நேரா தல வச்சிப் படுப்பேன். என் புள்ள லயத்துல அழுகுறது கேக்காது, அது தூரம்."

காற்றுக்கான துளை ஒன்றரை அடி உயரத்தில் ஏன் இருக்க வேண்டும் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். அந்தச் சுவர் இப்போது இல்லை. அதற்கு நான் எடுத்த படம் ஒன்று, தவறான குறிப்போடு, மிஞ்சியிருக்கிறது. குறிப்பைத் திருத்திவிட்டேன்.

அன்று அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். முழுவதையும் பதிவு செய்தேன். மறுபடி வரச் சொல்லியிருந்தேன். ஆகஸ்டில் அவர் இறந்துபோனார்.

## ஜூன் மாதத் தவறு

இரண்டாவது தவறு கைவேலையில். தென்மேல் பருவமழை மே கடைசியில் தொடங்கிவிடும். கானைத் திறந்து நான்கு மாதமாகியிருந்தது, சுவர் நன்றாகவே காய்ந்து வந்தது. டிசம்பரில் திறக்க வேண்டும் என்ற நெருக்கடியில் ஜூனில் சுண்ணாம்புப் பூச்சைத் தொடங்கச் சொன்னேன். மேசன் பாஸ், "சேர், மழைக்குள்ள சுண்ணாம்பு பிடிக்காது, ஜனவரி வரைக்கும் பொறுப்போம்" என்றார். படங்கு (தார்ப்பாய்) கட்டிச் செய்யலாம் என்று நான் சொன்னேன்.

சுண்ணாம்பு இறுகுவது காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான். அதற்குப் பூச்சு மெல்லக் காய வேண்டும். காற்றே நனைந்து கிடக்கும் ஜூன், ஜூலையில், 4,000 அடி உயரத்தில், படங்குக்குள்ளும் மூடுபனி நிற்கிறது. பூச்சு ஈரமாகவே இருந்தது. வாயு உள்ளே போகவில்லை. ஆகஸ்டில் விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. வெளிப்பக்கம் முழுவதையும் சுரண்டி எடுத்தோம்.

அடுத்த ஜனவரியில் பாஸ் சொன்னபடி மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த தூளையும் சேர்த்தோம். அது சுண்ணாம்போடு வினைபுரிவதால் ஈரத்திலும் இறுகும். மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நாளுக்குக் குறையாமல் இடைவெளி, வெயில் நேரத்தில் நனைத்த சாக்கால் மூடல். மார்ச்சில் முடிந்தது. அது இன்றைக்கும் நிற்கிறது. விடுதி திறந்தது டிசம்பரில் அல்ல, ஏப்ரலில். அந்த நட்டத்துக்கு நான் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்தேன்.

## பின்னர் நடந்தவை

கான் திறந்து ஒரு வருடத்தில் சாப்பாட்டு அறைச் சுவரின் ஈரம் 5 அடியில் இருந்து ஒன்றரை அடிக்கும் கீழே இறங்கியது. தளத்தின் அடியில் உழுத்துப்போன ஏழு மரங்களை மாற்றினோம். கூரைத் தகரத்தை மாற்றவே தேவைப்படவில்லை. கூரைத் தண்ணீர் போகும் பீலிகளைப் புதுப்பித்ததோடு முடிந்தது. அதில் மிஞ்சிய காசு பூச்சு வேலைத் தவறின் செலவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டியது.

குசினியை இப்போது விருந்தாளிகள் காலைச் சாப்பாடு சாப்பிடும் இடமாக்கியிருக்கிறார்கள். இளநீலம் தெரியும்படி ஒரு முழ அகலத்துக்குச் சுவரைத் திறந்து வைத்தோம். அடைத்த வாசலைத் திறக்கவில்லை. அடைத்ததும் அந்த வீட்டின் வரலாறுதான்.

வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். முதலில் ஆங்கிலத்தில் மட்டும், துரைமார் பெயர் வரிசையாக. தமிழிலும் சிங்களத்திலும் எழுதக் கேட்டோம், செய்தார்கள். ஆபீஸ் மேல்தட்டில் 1930களின் செக்ரோல் (வருகை, கூலிக் கணக்கு) புத்தகங்கள் சில கிடைத்திருந்தன. பங்களா வேலைக்காரர்களுக்கும் பேர் (நாள் வேலைக் கணக்கு) போட்டது அதில்தான். குசினிக்காரர், அப்பு, ஆயா, தோட்டக்காரர், தண்ணி தூக்குகிறவர் என்று ஐந்து பேர். அந்த ஐந்து பெயரையும் பலகையில் சேர்க்கக் கேட்டபோது கொஞ்சம் இழுபறி இருந்தது. எட்டு மாதம் கழித்துச் சேர்த்தார்கள். கல் சுமந்தவர்கள், மரம் அறுத்தவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

## மறுபடி செய்தால்

அளவு நாடாவை எடுக்கும் முன் அந்த வீட்டில் வேலை செய்த எல்லோரையும் தேடிப் பார்ப்பேன். வயதில் மூத்தவர் முதலில். அவர்களை வீட்டுக்குள் அழைத்துச் சென்று, ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். எது எவ்வளவு பழையது என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். 1950களில் சுவரில் வெட்டிய ஓர் ஓட்டை 1870களின் ஆணியைவிடக் குறைந்த சான்று இல்லை.

பேரம் பேசுவதற்கு முன் பதிவை முடிப்பேன். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல்தான் நான் விட்டுக்கொடுத்தேன்.

மலையகத்தில் சுண்ணாம்பு வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மட்டும் வைப்பேன். திறப்பு விழாத் தேதியை அதற்குப் பிறகு வைக்கச் சொல்வேன், முடியாது என்றால் பூச்சை விட்டுவிட்டு மற்ற வேலையைச் செய்வேன்.

அறிக்கையைத் தமிழிலும் எழுதுவேன். இந்தத் தடவை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்தேன். கானைக் காட்டிக் கொடுத்த பெரியவர் அதை வாங்கி, படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேத்தியிடம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துத் தமிழில் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்று இடத்தில் திருத்தினார். கான் போய் விழும் இடம் நான் எழுதிய ஓடை இல்லை, அதற்கு மேலே இருக்கும் பீலிக்கரை (தண்ணீர் பீலி விழும் இடம்) என்றார். போய்ப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

கானைத் துப்புரவாக வைக்கக் கிழமைக்கு ஓர் ஆளுக்கு அரைப் பேர் (அரை நாள் கூலி) போட முகாமையாளர் ஒத்துக்கொண்டார். போன ஒக்டோபரில் மழைக்குள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் ஓடியது, ஆனால் குசினி மூலையில் கான் திரும்பும் இடத்தில் இலையும் சேறும் முழங்கை உயரத்துக்கு அடைத்திருந்தது. முகாமையாளரிடம் சொன்னேன். அன்று பின்னேரமே இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.